அண்ணி சிமிட்டினால் எரியும் விளக்கு

எங்கள் அண்ணிக்கு மறதி அதிகம். அடுப்பில் பால் வைத்ததை மறப்பாள், சாவியை மறப்பாள், என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டானா இல்லையா என்பதைக்கூட மறப்பாள். யாராவது அவளுக்குக் கெடுதல் செய்தால் மட்டும் மறக்கவே மாட்டாள். அதற்கு வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, மரமாக்கிவிடுவாள். எனக்கு அவளிடம் மிகவும் பிடித்த குணம் அதுதான்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் பாம்பும் கீரியுமாக இருப்பார்கள் என்பார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். துண்டு காயப்போடும் கயிற்றுக்காக ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம். எங்களைச் சேர்த்து வைத்தது பாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு எதிரி வாய்த்தான், அவ்வளவுதான். அந்த மகராசன் யார் என்று சொல்வதற்கு முன்னால் அண்ணியின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீருக்கு அடியில் படம் எடுப்பவர்கள் கேமராவின் இரண்டு பக்கமும் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு கைகளை மாட்டியிருப்பார்கள். அந்தக் கைகளின் நுனியில் இருக்கும் பளிச்சென்று மின்னும் விளக்குக்கு ஸ்ட்ரோப் என்று பெயர். ஆழம் போகப் போகத் தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் தின்னும். விளக்கு இல்லாமல் எடுத்தால் எப்பேர்ப்பட்ட அழகான மீனும் காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல நீலம் பாரித்துத்தான் தெரியும். அந்த விளக்குகளைப் பழுது பார்ப்பதும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதும், வாங்கியவரின் தேவைக்கு ஏற்ப மாற்றித் தருவதும்தான் அண்ணியின் வேலை.

எங்கள் வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நடுவில் ஆள் உயரத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் சிவப்பு நூல் பொம்மை ஒன்று, சாம்பல் நிறத் தட்டு ஒன்று, ஒரு எவர்சில்வர் கரண்டி. வருகிற விளக்கு எந்தக் கம்பெனிக்காரன் செய்ததாக இருந்தாலும் அதே கம்பியில், அதே தூரத்தில் கட்டி, பொம்மையின் மேல் ஒரு மின்னல் அடிப்பாள். எடுத்த படத்தைச் சுவரில் மற்றவற்றின் பக்கத்தில் ஒட்டுவாள். ஒரு விளக்கில் பொம்மை பச்சை ரத்தம் ஓடியதுபோலத் தெரியும், இன்னொன்றில் வெயிலில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். ஒன்றில் நடுவில் மட்டும் சுள்ளென்று அடித்து ஓரமெல்லாம் இருட்டாக இருக்கும், வட்டக் குழாய் வைத்த இன்னொன்றில் வெளிச்சம் பூசினாற்போலப் பரவியிருக்கும். கரண்டி எதற்கு என்றால், பளபளப்பான செதில் உள்ள மீனின் மேல் வெளிச்சம் எப்படித் தெறிக்கும் என்று பார்ப்பதற்கு. எங்கள் வீட்டில் கரண்டிப் பஞ்சம் வந்ததற்கு அதுதான் காரணம்.

"எது மேடம் நல்ல விளக்கு?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

"யாருக்கு?" என்பாள் அண்ணி. "விரல் நீள மீன் எடுக்கிறவருக்கும் முங்கின கப்பல் எடுக்கிறவருக்கும் ஒரே விளக்கா? ஒரே செருப்ப வீட்ல எல்லாரும் போட்டுக்குவீங்களா?"

பிறகு வேலை ஆரம்பிக்கும். வெளிச்சம் சுள்ளென்று அடித்தால் ஐஸ்கிரீம் டப்பா மூடியைக் காய்ச்சி வளைத்து முகமூடி மாட்டுவாள். நீலம் தூக்கலாக இருந்தால் உள்ளே ஆரஞ்சுத் தாள். சின்ன மீனின் கண்ணில் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும் என்றால் மண்ணெண்ணெய்ப் புனலை வெட்டி முன்னால் பொருத்துவாள். கனமான விளக்கு தண்ணீரில் கையை இழுக்காமல் இருக்க, நீச்சல் பழகும் பிள்ளைகளின் நுரைக் குழாயைத் துண்டு போட்டுக் கைகளில் கோத்துவிடுவாள். விளக்கைத் திறந்து ரப்பர் வளையத்துக்குப் பசை தடவும்போது மட்டும் அறைக்குள் யாரும் மூச்சு விடக்கூடாது. வளையத்தில் ஒரு முடி ஒட்டினாலும் அந்த வழியாகத் தண்ணீர் நுழைந்து விளக்கைக் கொன்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் எல்லாரும் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் திரிவோம். என் அண்ணனுக்குக் கட்டுவதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை, ஆனாலும் கட்டுவான்.

இந்தத் தொழிலுக்கு அண்ணி வந்த வழி சாதாரணமானதுதான். அவளும் அவளுடைய அக்காவும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வெளிச்சம் பிடிக்கிற வேலை பார்த்தார்கள். மணமக்கள் ஒரு பக்கம் சிரித்துக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு விளக்கைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்பார்கள். அக்காவுக்குக் கை ஆடாது, அதனால் பெரிய விளக்கு அவளிடம். அண்ணிக்கு ஒரு இடத்தில் நிற்கப் பொறுமை கிடையாது, விளக்கைப் பிரித்து உள்ளே பார்க்கத்தான் ஆசை. அந்த ஸ்டுடியோவின் போட்டோகிராபரை அக்கா கட்டிக்கொண்டாள். அவர்தான் நான் சொன்ன மகராசன்.

நான் அவருக்கு வைத்த பெயர் பல்லழகர். சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும், சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் படத்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்கடியில் படம் எடுக்கப் போனார், பெயரும் எடுத்தார். நன்றாகத்தான் எடுப்பார், அதை நான் மறுக்கமாட்டேன். அக்காவும் அவரோடு முங்கக் கற்றுக்கொண்டாள். எதற்கு? விளக்குப் பிடிப்பதற்கு. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்து, "இன்னும் வரன் அமையலையா? நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்துடலாம், தப்பு தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே அவருடைய பெயரை என் மனதில் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

அண்ணி சொந்தமாக ஒரு விளக்குச் செய்தாள். அது கேமராவோடு ஒட்டியிருக்காது, வயரும் கிடையாது. அதை வேறொருவர் தூரத்தில், மீனுக்கோ கப்பலுக்கோ பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். கேமராவில் இருக்கும் விளக்கு மின்னினால் அதைப் பார்த்து இதுவும் அதே கணத்தில் மின்னும். இந்த மாதிரி விளக்கு கடையிலும் உண்டு, ஆனால் அதில் இரண்டு குறை. ஒரு பக்கமாகத்தான் பார்க்கும், கொஞ்சம் திரும்பிவிட்டால் குருடு. அதோடு பக்கத்தில் எந்தப் போக்கிரி படம் எடுத்தாலும் அந்த மின்னலுக்கும் சேர்ந்து எரிந்து வைக்கும்.

அண்ணி இரண்டையும் தீர்த்தாள். விளக்கின் பின்பக்கம் கண்ணாடிக் கோலி மாதிரி ஒரு கண் வைத்தாள், அது எல்லாத் திசையும் பார்க்கும். அந்தக் கண்ணுக்கு ஒரு அடையாளமும் சொல்லிக்கொடுத்தாள். கேமரா விளக்கு முதலில் இரண்டு முறை மெல்லச் சிமிட்ட வேண்டும், இரண்டு சிமிட்டலுக்கும் நடுவில் அவள் வைத்த இடைவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் வருகிற பெரிய மின்னலுக்கு அது எரியும். மனிதக் கண்ணுக்கு அந்தச் சிமிட்டல் தெரியாது, எல்லாம் சேர்ந்து ஒரே மின்னலாகத்தான் தெரியும். வேறு யார் எப்படி மின்னினாலும் விளக்கு அசையாது. கேமராவில் மாட்ட ஒன்று, தூரத்தில் பிடிக்க ஒன்று என்று அண்ணி இரண்டு ஜோடி செய்தாள். முதல் ஜோடியைத் தான் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஜோடியைப் பல்லழகர் வந்து கேட்டார். "ஒரு பயணம் போறேன்மா, போட்டுப் பாத்துட்டுத் தரேன்" என்றார். அக்கா புருஷன் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? கொடுத்தாள். பயணம் முடிந்தது, விளக்கு வரவில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்தது, அப்போதும் வரவில்லை. பிறகு ஒருநாள் வீடியோ ஒன்று வந்தது. பல்லழகர் பல் தெரிய நின்றுகொண்டு, 'பல வருட உழைப்பில் நானே உருவாக்கிய விளக்கு' என்று அந்த விளக்கைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பெயின்ட் மட்டும் வேறு. ஒரு பெரிய விளக்குக் கம்பெனி அதை வாங்கிச் செய்யப்போகிறது என்றும் சொன்னார்.

அண்ணி அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போனாள். அண்ணனும் நானும் கூடப் போனோம். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், அது நான் செஞ்ச விளக்கு" என்றாள் அண்ணி.

அவர் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "நீ உதவி பண்ணே, இல்லேங்கல. ஐடியா என்னுது. ஸ்டுடியோ காலத்துலேயே சொல்லியிருக்கேன், உனக்கு ஞாபகம் இருக்காது" என்றார்.

"பொய்."

"சரி, நீதான் செஞ்சேன்னு யாரு பாத்தா? சாட்சி இருக்கா?"

அண்ணி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த விளக்கை எங்கள் வீட்டுத் தொட்டியில் முதல்முதலாக முக்கியபோது மறுபக்கம் நின்று பிடித்தவளே அக்காதான். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அண்ணி வீட்டுக்கு வந்ததும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்கு போனது அவளுக்கு வலித்தது. ஆனால் கூடப் பிறந்தவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வரி அதைவிட ஆழமாக இறங்கிவிட்டது. நான் வெளியே நின்றுகொண்டு அந்த மனிதனுக்கு என்னென்ன வியாதி வரலாம் என்று வரிசையாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு ஆறுதல்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"ஏய், இங்க வா, இதப் பாரு" என்றாள். அவருடைய வீடியோவை மிக மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தாள். "இப்போ மின்னப் போறார். பாத்தியா? ஒண்ணு... ரெண்டு... அப்புறம் பெரிசு. அந்தச் சிமிட்டல அப்படியே வெச்சிருக்கார். எதுக்கு இருக்குன்னே தெரியாம ஈயடிச்சான் காப்பி அடிச்சிருக்கார்!"

"அதனால என்ன அண்ணி?"

"அவர் எத்தன விளக்கு செஞ்சாலும் அத்தனையும் என் சிமிட்டலுக்கு எரியும். என் முதல் ஜோடி இன்னும் என்கிட்டதான் இருக்கு." அவள் முகத்தில் அப்போது ஒரு களை வந்தது. அவளுடைய கல்யாண போட்டோவில்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

வருடா வருடம் ஒரு போட்டி நடக்கும். போட்டியாளர்கள் எல்லாரும் ஒரே படகில் போய், மூழ்கிக் கிடக்கும் ஒரு சரக்குக் கப்பலில் படம் எடுக்க வேண்டும். கரைக்கு வந்ததும் கேமராவின் கார்டை அப்படியே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், எதையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. அதிலிருந்து அவரவர் மூன்று படம் சொல்ல, அன்று மாலையே மன்றத்தில் திரையில் போட்டுக் காட்டுவார்கள். இந்த வருடம் பல்லழகர் தன்னுடைய புது விளக்கோடு வருகிறார், அந்தக் கம்பெனியின் ஆளும் கூட முங்கி விளக்கைச் சோதித்துப் பார்க்கப் போகிறார், படங்கள் நன்றாக வந்தால் அன்று மாலையே ஒப்பந்தம் என்று எங்களுக்குச் செய்தி வந்தது. ஒப்பந்தம் ஆகிவிட்டால் விளக்கு அவருடையதுதான். அதற்கப்புறம் அண்ணி தெருவில் நின்று கத்தினாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அண்ணி பல வருடமாக அந்தப் போட்டிக்குப் போக ஆசைப்பட்டவள். பெயர் கொடுத்தாள். என் அண்ணன், நல்லவன், நல்லவர்களுக்கே உரிய யோசனையைச் சொன்னான்: "உன் விளக்க வெச்சு அருமையா ஒரு படம் எடுத்து ஜெயிச்சுடு. அதவிடப் பதிலடி வேற என்ன இருக்கு?"

"ஜெயிச்சா அவர்தான் மொதல்ல ஓடி வந்து கை குடுப்பார்" என்றாள் அண்ணி. "'பாத்தீங்களா, என் விளக்குல எடுத்த படம்'னு கம்பெனிக்காரர்கிட்ட சொல்லுவார். நான் எவ்வளவு நல்லா எடுக்கறேனோ அவ்வளவு அவருக்கு லாபம்."

நான் அண்ணியின் விளக்குக்குப் புது பேட்டரி வாங்கக் கடைக்குக் கிளம்பினேன்.

அவள் திட்டம் எளிமையானது. ஸ்ட்ரோப் விளக்கு ஒருமுறை முழு வேகத்தில் மின்னினால் அதன் வயிறு காலியாகிவிடும். மறுபடி நிரம்பச் சில நொடி ஆகும். நிரம்பும் நேரத்தில் மறுபடி எரியச் சொன்னால் எரியாது, எரிந்தாலும் மின்மினிதான். அவர் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கும் போதெல்லாம் அதற்கு ஒரு கணம் முன்னால் அண்ணி தன் விளக்கைச் சிமிட்டிவிட்டால் போதும். அவருடைய தூர விளக்கு வெறும் தண்ணீருக்கு எரிந்து தீர்ந்துவிடும், கேமராவில் இருக்கும் விளக்கு அவ்வளவு பெரிய கப்பலுக்கு எட்டாது, அவர் அமுக்கும்போது இருட்டுதான் மிஞ்சும். இதில் ஒரே ஒரு சங்கடம். அண்ணியின் விளக்கு சிமிட்ட வேண்டுமானால் அண்ணி தன் கேமராவை அமுக்கியாக வேண்டும். அப்படியானால் அவள் கார்டு முழுக்க வெறும் தண்ணீர்தான் இருக்கும். ஆசை ஆசையாகக் காத்திருந்த போட்டியில் அவளுக்குப் படம் என்று ஒன்றும் இருக்காது.

"பரவாயில்லையா அண்ணி?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பரவாயில்ல" என்றாள்.

போட்டி நாளில் நான் உதவியாளாகப் படகில் இருந்தேன். பல்லழகர் எல்லாருக்கும் கை கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்து, "வந்துட்டியா? கோவமெல்லாம் போயிடுச்சா? சந்தோஷம்" என்றார். அண்ணி தலையை ஆட்டினாள். அவளுடைய விளக்கு ஒரு பழைய உறைக்குள் இருந்தது, அவர் கவனிக்கவில்லை. அக்கா படகின் ஓரத்தில் தூர விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கம்பெனிக்காரர் அமைதியான மனிதர். அவர் கையிலும் பல்லழகர் காப்பியடித்துச் செய்த இன்னொரு தூர விளக்கைக் கொடுத்திருந்தார், பிடித்துப் பார்க்கட்டும் என்று. எல்லாரும் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். மேலே தண்ணீர்க் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நான் நகத்தைக் கடித்தேன்.

முதலில் மேலே வந்தவர் பல்லழகர்தான். முகமூடியைக் கழற்றியபோது பல் தெரியவில்லை. பின்னாலேயே வந்த அக்காவின் கையிலிருந்து விளக்கைப் பிடுங்கிக் குலுக்கினார்.

"என்ன பண்ணித் தொலச்ச? நான் எடுக்கும்போது எரியல, எடுக்காதப்ப தன்னால எரியுது! எதையாவது அமுக்கினியா? ஒரு விளக்க ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு?"

படகில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. அக்கா தலையைத் துவட்டிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து ஏறி வந்த கம்பெனிக்காரர், "என் கையில இருந்ததும் அப்பப்ப தானா எரிஞ்சுதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அண்ணி கடைசியாக வந்தாள். என்னிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு, "ஒரு டீ கிடைக்குமா பாரு" என்றாள். நான் ஓடினேன். அந்த நேரத்தில் அவள் கேட்டிருந்தால் படகையே விற்று டீ வாங்கியிருப்பேன்.

மாலையில் மன்றம் நிறைந்திருந்தது. பல்லழகரின் முறை வந்தது. திரையில் முதல் படம், கப்பலைத் தள்ளுகிற பெரிய இரும்பு விசிறி. பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ந்திருந்தால் பிரமாதமாக இருந்திருக்கும். பாயவில்லை. கறுப்புக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. இரண்டாவது அதைவிடக் கறுப்பு. மூன்றாவது வந்தபோது பின்வரிசையில் யாரோ, "ப்ரொஜெக்டர் அணைஞ்சுடுச்சா?" என்று கேட்டார்கள். நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன்.

அவர் எழுந்தார். பல்லை மீட்டுக்கொண்டு, "விளக்குல ஒரு கோளாறும் இல்ல. பிடிச்சவங்க சரியாப் பிடிக்கல. சொந்த மனைவிங்கறதால வெளியில சொல்ல முடியல" என்றார். சிலர் சிரித்தார்கள். அக்கா அவர் பக்கத்து நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகத் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அடுத்து அண்ணி. முதல் படம், வெறும் தண்ணீர். தண்ணீரில் மிதக்கிற தூசியின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு, பனி கொட்டுவதுபோல வெள்ளைப் புள்ளிகள். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லாரும் எடுக்கிற படம். மன்றமே சிரித்தது. நடுவர் மைக்கில், "இது தவறுதலா வந்துடுச்சா மேடம்?" என்று கேட்டார்.

"இல்ல. மனசார எடுத்தது. கார்டு முழுக்க இதுதான்" என்றாள் அண்ணி.

இரண்டாவது படத்திலும் பனிதான். ஆனால் தூரத்தில் ஓர் ஓரமாக அக்கா, அவள் கையில் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு ஓரத்தில் கம்பெனிக்காரர், அவர் கையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் பல்லழகர் கேமராவைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிற பாவனையில் மிதந்தார். அந்த முகமூடிக்குள்ளே இருந்த கண்கள்! அந்தப் படத்தை நான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

பல்லழகர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "இவதான்! தண்ணிக்குள்ள இவதான் என் விளக்கையெல்லாம் எரிய வெச்சிருக்கா! வேணும்னே பண்ணியிருக்கா! இவள வெளிய அனுப்புங்க!"

முன்வரிசையில் கம்பெனிக்காரர் மெதுவாகத் திரும்பினார். "சார், ஒரு சந்தேகம். யாரோட மின்னலுக்கும் அசையாது, உங்க கேமராவுக்கு மட்டும்தான் எரியும்னு நீங்கதானே சொன்னீங்க? அது எப்படி அவங்களுக்கு எரியுது?"

அவர் பல்லை மட்டும் காட்டினார்.

அண்ணி எழுந்து பின் சுவரோரம் போய் நின்றாள். "உங்ககிட்ட இருக்கற விளக்க மேசை மேல வைங்க சார்" என்றாள். அவர் வைத்தார். அண்ணி தன் விளக்கைக் கூரையைப் பார்த்துப் பிடித்துக் கேமராவை அமுக்கினாள். மேசை மேல் இருந்த விளக்கு பளீரென்று எரிந்தது. ஆர்வக்கோளாறில் பத்துப் பேர் தங்கள் கேமராக்களைத் தூக்கி மின்னிப் பார்த்தார்கள், அது அசையவில்லை. அண்ணி மறுபடி அமுக்கினாள், எரிந்தது.

"அத்தான்" என்றாள். குரலில் தேன் வடிந்தது. "உங்க விளக்குதானே? என் பேச்ச கேக்காதபடி அதோட அடையாளத்த மாத்திக் காட்டுங்க. எங்க இருக்குன்னு காட்டினாக்கூடப் போதும்."

அவர் காட்டவில்லை. காட்ட முடிந்தால்தானே! சட்டைப் பையைத் தடவினார், கைக்குட்டையை எடுத்தார், வைத்தார். கம்பெனிக்காரர் மேசையிலிருந்த காகிதங்களை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, எழுந்து பின்பக்கம் வந்து, அண்ணியிடம், "உங்க பட்டறை எங்க இருக்கு மேடம்?" என்று கேட்டார். பழி வாங்கினால் மனசு கனத்துப்போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குக் கனக்கவில்லை. பசித்தது.

அந்தக் களேபரத்தில் மூன்றாவது படத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ப்ரொஜெக்டர் பையன் பாட்டுக்குப் பொத்தானை அமுக்கினான், அது திரையில் வந்து நின்றது.

படத்தில் அக்கா மட்டும்தான் இருந்தாள். அவள் விசிறியைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. நேராக அண்ணியின் கேமராவைப் பார்த்தபடி, விளக்கைத் திருப்பி, அதன் கண் அண்ணிக்குத் தெரியும்படி இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்த விளக்கு எரியாமல் நிறுத்துவது ரொம்பச் சுலபம். உள்ளங்கையால் கண்ணை மூடினால் தீர்ந்தது. தூர விளக்குப் பிடிப்பவர்களுக்கு முதலில் சொல்லித் தருவதே அதுதான். பல்லழகர் அமுக்கும் கணம்வரை ஒரு தடவை மூடியிருந்தால் அவருக்கு அவர் படம் கிடைத்திருக்கும், ஒப்பந்தமும் கிடைத்திருக்கும். அண்ணி வெறும் தண்ணீரோடு கேலிப்பொருளாகக் கரையேறியிருப்பாள். அக்கா மூடவில்லை. கப்பலின் இரும்புச் சுவர் நடுவில் மறைத்து அண்ணியின் சிமிட்டல் தவறிவிடக் கூடாதே என்று நகர்ந்து நகர்ந்து வந்து காட்டியிருக்கிறாள்.

பல்லழகரும் திரையைப் பார்த்துவிட்டார். அக்காவைப் பார்த்தார். அவள் எழுந்து தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

நாங்கள் வண்டிக்கு வந்தபோது அக்கா அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அக்காவை அண்ணி அந்தக் கணமே மன்னித்துக் கட்டிக்கொண்டாள் என்று எழுதினால் அது பச்சைப் பொய். அண்ணி சாவியைத் தேடுகிற சாக்கில் பையைத் துழாவிக்கொண்டே கேட்டாள்:

"நான்தான்னு எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"ரெண்டாவது தடவ எரிஞ்சப்பவே."

"அப்புறம் ஏன் கைய வெச்சு மூடல? புருஷன் பக்கம்தானே பேசுவ நீ?"

அக்கா வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்ததில் வலித்திருக்க வேண்டும்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் எங்க கைய நீட்றாரோ அங்கதான்டி வெளிச்சத்தப் பிடிச்சிட்டிருக்கேன்" என்றாள். "இன்னைக்கு அந்த மனுஷன் இருட்டுல நிக்கறத ஒரு தடவ கண்ணாரப் பாக்கணும்னு இருந்துச்சு."

அண்ணி கதவைத் திறந்து, முன் இருக்கையில் கிடந்த ஈர உடைகளையெல்லாம் வாரிப் பின்னால் ஏறி உட்கார்ந்த என் மடியில் போட்டாள்.